ரெண்டு தடவை அக்கா

அக்கா பச்சை ஆப்பிளை ஒரு கடி கடித்து, மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ரெக்கார்டிங் தம்பியைப் பார்த்துத் தலையசைக்கிறார். சிவப்பு ஆப்பிள் ஆகாது. இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் 'சப்' என்று சத்தம் போடும். புளித்த ஆப்பிள்தான் வாயைத் தேய்த்துக் கழுவிய பாத்திரம்போல ஆக்கும் என்பது அவர் கட்சி. அடுத்து கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கிறார். வளையல் கிடையாது, சங்கிலி கிடையாது. உடுத்தியிருப்பதும் துவைத்துத் துவைத்து உயிர் போன பருத்தித் துணி. புதுத்துணி சரசரக்கும், மைக் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கண்ணை மூடுகிறார். "நூ பார்-லோன்."

கொஞ்சம் மௌனம். பிறகு, "நூ பார்லோன்."

நாங்கள் பேசுகிறோம் என்று அர்த்தம். பிரெஞ்சு கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு பயிற்சி நிறுவனம் ஒலிப்பாடங்கள் தயாரிக்கிறது. அதில் வினைச்சொற்களுக்கு மட்டும் குரல் கொடுப்பவர் இவர். கதை, உரையாடல் எல்லாம் வேறு ஆட்கள். பிரெஞ்சு வினைச்சொல்லும் நம்முடையதைப் போலத்தான். நான், நீ, நாங்கள், அவர்கள் என்று ஆள் மாற மாற அது தன் வாலை மாற்றிக்கொள்ளும். வாலை மாற்றிய ஒவ்வொரு வடிவத்தையும் இவர் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை அசை அசையாக வெட்டி; இரண்டாம் தடவை ஒட்டவைத்து முழுசாக. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு தடவை அக்கா' என்று பெயர். மேனேஜர் வரைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை.

இரண்டு தடவைக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர் திருப்பிச் சொல்வதற்கான நேரம் அது. மற்ற குரல்காரர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இடைவெளி விடுவார்கள். இவர் மூடிய வாய்க்குள்ளேயே நாக்கை அசைத்து, கற்றுக்கொள்கிறவராக மாறி, ஒரு தடவை திக்கித் திணறிச் சொல்லிப் பார்ப்பார். "முதல்ல தடுமாறுவாங்கல்ல தம்பி, அந்தத் தடுமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் நேரம் விடணும். நாம பாட்டுக்கு ஓடிட்டா அவங்க தெருவுலயே நிப்பாங்க."

சொன்னது பிடிக்கவில்லை என்றால் நிறுத்த மாட்டார், உச்சுக்கொட்ட மாட்டார். முகத்தைத் திருப்பாமலே வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்குவார். இன்னொரு தடவை என்று பொருள். தம்பிக்கு அது போதும்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடுவதில்லை. "கத-வைச் சாத்-துங்-க," என்பார். கொஞ்சம் பொறுத்து, "கதவைச் சாத்துங்க." அவர் கணவர் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் பார்த்து, மாற்றுச்சாவி செய்து கொடுப்பவர். "முதல் தடவையிலயே சாத்திட்டேன் தாயே," என்று அவர் சலித்துக்கொண்டால், "அப்ப ரெண்டாவது தடவை கூடச் சேர்ந்து சொல்லுங்க," என்று பதில் வரும்.

அக்கா பெரிய படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. இளம் வயதில் ஒரு பயண நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. எதிர்முனையில் பிரெஞ்சு கேட்டால் முதலில் ரிசீவரை வைத்துவிட்டு ஓடிவிடுவாராம். ஓடி ஓடி அலுத்துப்போய் மாலை வகுப்பில் சேர்ந்தார். ஆறு எழுத்து, ஏழு எழுத்து என்று நீளமாக எழுதிவிட்டு அந்த மொழி வாயைத் திறக்கும்போது பாதியை விழுங்கிவிடுவது அவருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்திருக்கிறது. "எங்க ஆபீஸ் மாதிரியேதான். வருகைப் பதிவுல பேரு இருக்கும், சீட்டுல ஆளு இருக்காது," என்பார். சில சமயம் அந்த ஊமை எழுத்து திடீரென்று பேசிவிடும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் போதும். "பக்கத்து வீட்டுல பெல் அடிச்சா இது தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்து கதவைத் திறக்குது பாருங்க!" என்று சிரிப்பார். சிரித்தால் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்துதான் ஒரு நாள் அவரைப் படாத பாடு படுத்தியது.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் வரிசை நீளம். அவருக்கு முன்னால் நர்ஸ் உடையில் ஒரு பெண்மணி. அக்காவின் வயதுதான் இருக்கும். காதில் இயர்போன், தோளில் பை, ஒரு கையில் மடக்கிய குடை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"நூ பார்-லோன்."

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருடமாகக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். அந்தப் பக்கம் யார் கேட்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதோ, ஒரு முழு ஆள், குடையோடு நிற்கிறாள். அவள் திணறுகிற நேரமும் அக்கா விட்ட இடைவெளியும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. தோளைத் தட்டி 'நான்தான் அது' என்று சொல்ல நாக்கு துடித்தது. வெட்கம் தடுத்துவிட்டது. பின்னாலேயே நின்றுகொண்டு காதைத் தீட்டினார்.

அடுத்த பாடம் வந்தது. அது வேறு இன வினைச்சொற்கள். 'முடித்தல்', 'தேர்ந்தெடுத்தல்', 'வெற்றி பெறுதல்' போன்றவை. இந்த இனத்தில் நாங்கள், நீங்கள், அவர்கள் என்று பன்மைக்குப் போனாலே நடுவில் ஒரு 'ஸ்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நூ ஃபி-னி-சோன்," என்றாள் நர்ஸ். 'சோ'வில் மெல்லியதாக ஒரு விசில்.

"வூ ஃபி-னி-சே." மறுபடி விசில்.

"இல் ஃபி-னிஸ்." இப்போது நீளமாக, கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல.

பாவம், பல்லில் ஏதோ கோளாறு என்று அக்கா நினைத்துக்கொண்டார். அந்த நேரம் நர்ஸின் கைபேசி அடித்தது. "சொல்லு சுருக்கமா... பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்... சாவி சன்னல் மேல இருக்கு, பாரு... சாப்பிட்டுட்டுப் படு, எனக்காகக் காத்திருக்காத. அடுத்த வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வுல்ல, ராத்திரிக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கணும். இதுல தேறலைன்னா அந்த ஆஸ்பத்திரி வேலைய மறந்துட வேண்டியதுதான்."

இத்தனை 'ச', இத்தனை 'ஸ்'. ஒரு விசில்கூட இல்லை.

தமிழில் வராத விசில் பிரெஞ்சில் மட்டும் எங்கிருந்து வந்தது? பேருந்து வந்து நர்ஸ் ஏறிப் போய்விட்டாள். அக்கா ஏறவில்லை. நாக்கு நுனியால் தன் முன்பல் சந்தைத் தடவிப் பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கண்ணாடி முன்னால் போய் நின்றார். "நூ ஃபினிசோன். வூ ஃபினிசே. இல் ஃபினிஸ்." கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்: "மூணு விசில் வந்தாச்சு, குக்கரை இறக்கிடவா?"

"அடுப்புல குக்கரே இல்லைங்க."

"அப்ப விசில்?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரெக்கார்டிங் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லு தம்பி. என் 'ஸ்'ல விசில் வருதா இல்லையா?"

தம்பி ஹெட்போனை மாட்டி, பழைய பாடங்களை ஓடவிட்டுக் கேட்டார். முகம் மாறியது. "வருதுக்கா. ஆரம்பத்துல இல்ல. போகப் போக வருது."

"இத்தனை நாளா உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சுக்கா. நான் அதைப் பிரெஞ்சுன்னு நினைச்சேன்."

அங்கேதான் விஷயம் இருந்தது. பல் சந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அகன்றிருக்கிறது. விசிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைந்திருக்கிறது. தம்பி அதைப் பிரெஞ்சு என்று நினைத்தார். கற்றுக்கொள்கிறவர்களும் அப்படியே நினைத்து, விடாமல் பயிற்சி செய்து, அதையும் வரவழைத்துக்கொண்டார்கள்.

அக்கா மேனேஜரிடம் போனார். சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. முந்தின ராத்திரி கணவர்கூடச் சொல்லிப் பார்த்தார், "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாததை நீயே போய் எதுக்குச் சொல்ற?" என்று. "என் வாயில இருக்கற ஓட்டை என்னோட இருக்கட்டும்ங்க. ஊரார் வாயில அது எதுக்கு?" என்றார் அக்கா.

மேனேஜர் கெட்டவர் இல்லை. வேலை முடிந்தால் சரி என்கிற ரகம். "இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலையேம்மா," என்றார்.

"வராது சார். கேட்டதை அப்படியே சொல்றாங்க, பாவம். நல்லாப் படிக்கிறவங்கதான் நல்லா விசில் அடிக்கிறாங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விவரத்தைச் சொன்னார். அந்த இனம் முழுவதையும் மறுபடி பதிவு செய்யலாம். ஆனால் பல் சந்தை அடைத்துக்கொண்டு வந்தால் குரல் மாறும். முன்பாதியில் ஒரு குரல், பின்பாதியில் ஒரு குரல் என்று பாடம் விற்க முடியாது. பழைய குரலோடு ஒத்துப்போகவில்லை என்றால் புதிதாக வந்திருக்கும் பெண்ணை வைத்து முதல் சொல்லிலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டியதுதான். அக்கா இதுவரை சொன்ன அத்தனை வினைச்சொல்லும் அழிந்துபோகும். "யோசிச்சுக்குங்க. பேசாம விட்டுட்டா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

"இல்ல சார். ஒரு வாரம் குடுங்க."

பல் டாக்டர் இரண்டு முன்பல்லுக்கும் சேர்த்துக் கழற்றி மாட்டுகிற உறை ஒன்றைப் போட்டார். சந்து போனது, விசிலும் போனது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சொன்னால், "நூ ஃபினிஷோன்." உறையின் பின்பக்கம் தடிமனாக இருந்ததால் 'ஸ்' எல்லாம் 'ஷ்' ஆகிவிட்டது. வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல. அன்று அவர் எதையும் இரண்டு தடவை சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதவு திறந்தே கிடந்தது.

வீட்டில் மௌனம் தாங்காமல் கணவர்தான் பேச்சுக்கொடுத்தார். "இங்க பாரு. மாத்துச்சாவி செய்யறப்ப முதல்லயே பூட்டு திறந்துடுமா? போட்டுப் பாக்கணும், எடுத்து அரத்தால ராவணும், மறுபடி போட்டுப் பாக்கணும். எங்க இடிக்குதுன்னு பூட்டுதான் சொல்லும். உன் பல்லை அந்த ஆளு வாய்க்குப் போட்டுப் பாத்தாரு, வார்த்தைக்குப் போட்டுப் பாத்தாரா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்கற? வேணும்னா கடைக்கு வா, நானே ராவி விடறேன்."

"ஐயோ, உங்க அரத்தை என் வாய்கிட்ட கொண்டு வந்தீங்க..." என்று எழுந்து கதவைச் சாத்தினார். அடுத்த நாள் காலையில், டாக்டருக்கு அந்த உறையைச் செய்து கொடுத்த பல் செட் பட்டறைக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பட்டறைக்காரருக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. சின்ன அரவை இயந்திரத்தை எடுத்து உறையின் பின்பக்கம் தூசி அளவு ராவுவார், மாட்டுவார், "சொல்லுங்கக்கா," என்பார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார். நாங்கள் முடிக்கிறோம், நீங்கள் முடிக்கிறீர்கள், அவர்கள் முடிக்கிறார்கள். முதலில் வெட்டி, பிறகு ஒட்டி. பட்டறைக்காரர் கழற்றுவார், ராவுவார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் காது திறந்துவிட்டது. "அக்கா, 'இல்' வர்ற வரிசை சுத்தமா இருக்கு. 'நூ' வரிசைதான் இன்னும் கொழகொழங்குது. அந்த நீளமான சொல் ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

'வெற்றி பெறுகிறோம்' என்பதுதான் அந்தச் சொல். "நூ ரே-யு-சி-சோன்." அடுத்தடுத்து இரண்டு 'ஸ்'. ஒன்று சரியானால் மற்றது கெட்டது. இரண்டும் ஒன்றாகச் சரியானபோது பட்டறைக்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "நூ ரேயுசிசோன்!" என்று தானே முழுசாக ஒரு தடவை சொன்னார். அர்த்தம் தெரியாமல் சொன்னாலும் பொருத்தமாகத்தான் சொன்னார். முன்பல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் யாராக இருந்தாலும் இப்போது அந்தப் பட்டறையில் "நூ ஃபினிசோன்" சொல்லிக் காட்டாமல் வெளியே போக முடியாது என்று கேள்வி.

குரல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற சோதனை நாளன்று மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி விசில் நுழையாத பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று கலந்து ஓடவிட்டார். அக்கா வெளியே நாற்காலியில், பாதி கடித்த ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்லவும் இல்லாமல் விழுங்கவும் இல்லாமல் இருந்தார். உள்ளே மேனேஜர், "இப்ப வந்தது பழசா, புதுசா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்வதற்குத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. மேனேஜர் எழுந்து வெளியே வந்தார். "ஆரம்பிங்கம்மா. அந்த இனத்தை முழுசா மறுபடி பதிவு பண்ணிடலாம்," என்றார்.

அக்கா வாயிலிருந்ததை விழுங்கினார். "எப்ப சார் இது எல்லாருக்கும் போய்ச் சேரும்?"

"அடுத்த தொகுப்புல சேர்த்துடலாம். இப்ப படிக்கிறவங்ககிட்ட பழசுதான் இருக்கும். பரவாயில்லை, விடுங்க."

மேனேஜருக்குப் பரவாயில்லை. அக்காவுக்குக் குடையும் பையுமாக ஒரு ஆள் கண்முன் நின்றுகொண்டிருந்தாள். வியாழக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

அன்று மாலையிலிருந்து அவர் அதே நிறுத்தத்துக்குப் போய் நின்றார். வந்த பேருந்துகளை எல்லாம் விட்டார். இரண்டு மாலை வீணாகப் போயின. புதன்கிழமை மாலை அந்தக் குடை வந்தது. இயர்போனும் வந்தது. உதடுகள் முன்னைவிட வேகமாக அசைந்தன. விசில் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறாள். அக்கா இந்தத் தடவை தோளைத் தட்டினார்.

நர்ஸ் ஒரு பக்க இயர்போனை எடுத்தாள். "எந்த பஸ்ஸுங்க?"

"பஸ்ஸு இல்லைங்க. நீங்க விசில் அடிக்கிறீங்க."

"நானா?" நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பார்த்துங்க?"

அக்காவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். "நூ ரே-யு-சி-சோன்." வழக்கமான இடைவெளி. "நூ ரேயுசிசோன்."

கண்ணைத் திறந்தபோது நர்ஸ் கையிலிருந்த இயர்போனைப் பார்த்தாள். பிறகு அக்காவின் வாயைப் பார்த்தாள். மறுபடி இயர்போனைப் பார்த்தாள்.

"இது... நீங்களா?"

"நான்தாங்க. ஆனா அந்த விசில் என் பல்லோடது, பாடத்தோடது இல்ல. அதை மட்டும் எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. நாளைக்குத் தேர்வுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

நர்ஸ் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகத்தில் பயம் வந்துவிட்டது. "நாளைக்கே தேர்வுங்க. இனிமே எப்படி மாத்துவேன்?"

"தமிழ்ல 'பஸ்ஸு'ங்கறீங்கல்ல, அந்த 'ஸ்'தான். புதுசா ஒண்ணும் வேணாம். எங்கூடச் சொல்லுங்க. நூ ஃபி-னி-சோன்."

நர்ஸ் சொன்னாள். விசில் வந்தது. அக்கா மறுபடி சொன்னார், மூடிய வாய்க்குள் நாக்கை அசைத்தபடி காத்திருந்தார். நர்ஸ் சொன்னாள். விசில் பாதியாகக் குறைந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன்பாட்டுக்கு உதட்டை அசைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் முடிப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பதற்குப் போய், அங்கிருந்து அந்த நீளமான சொல்லுக்கு வந்து சேர்ந்தபோது பேருந்தும் வந்து நின்றது. வரிசை முழுக்க ஏறிவிட்டது. நர்ஸ் ஒரு காலைப் படியில் வைத்தபடி, "நூ ரே-யு-சி..." என்று சொல்லிவிட்டு மூச்சை நிறுத்தினாள்.

"ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

அக்கா நர்ஸின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே, ஓட்டுநர் பக்கமாக வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்கினார்.